பசியாறலும் பொட்டலமும்



2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தென் அமெரிக்காவைச் சேர்ந்த பராகுவே நாட்டில் யுனெஸ்கோ மன்றத்தின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. உலக மக்கள் வழிவழியாகக் காத்துவரும் கலைகளையும் பழக்கவழக்கங்களையும் மானுட மரபுச் செல்வங்களாக ஏற்றுப் பட்டியலில் சேர்க்கும் கூட்டம் அது. அந்த ஆண்டில் நம் மலேசிய மக்களின் காலைப் பசியாறல் பழக்கமும் அப்பட்டியலில் இடம் பெற்றது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகிய மூன்றும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. பல இன மக்கள் ஒன்றாக அமர்ந்து பசியாறும் வழக்கமே அங்கே பெருமையாக எடுத்துரைக்கப்பட்டது.

இம்மூன்றில் இரண்டு, தமிழர் கையால் இந்நாட்டில் வளர்ந்தவை. மூன்றாவதைத் தோட்டத்துத் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாங்கி உண்டு வருகின்றனர். ஆகவே இந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. ஆயினும், நம் பிள்ளைகளிடம் 'ரொட்டி சானாய்ப் பொட்டலத்துக்கு ஒரு வரலாறு உண்டு' என்று சொன்னால் அவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி கொடுத்து வாங்கும் பண்டத்துக்கு என்ன வரலாறு என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடையாக, மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களையும் பட்டணங்களையும் முன்வைத்து, இன்று பொட்டலச் சாப்பாட்டின் கதையைச் சிறிது காண்போம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் காலை உணவைச் சிற்றுண்டி என்றும் பலகாரம் என்றும் சொல்வர். நாமோ 'பசியாறல்' என்கிறோம். காலையில் எதிர்ப்படுகிறவரை 'பசியாறியாச்சா?' என்று கேட்பதே நம் தோட்டத்து நலம் விசாரிப்பு. கடையில் கட்டி வாங்குவதை நம் பெரியவர்கள் 'பொட்டலம்' என்றார்கள். மலாய்க்காரர்கள் 'பூங்குஸ்' என்கிறார்கள். சீனர்கள் 'தப்பாவ்' என்கிறார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளை இம்மூன்று சொற்களையும் ஒரே மூச்சில் பேசுகிறது. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் மற்றொரு சொல் வந்து அமர்ந்ததைப் போலவே, ஓர் இனத்தின் உணவுக்குப் பக்கத்தில் மற்றோர் இனத்தின் உணவும் வந்து அமர்ந்தது. இது நேற்று நடந்ததன்று.

மலாக்கா ஒரு பழைய துறைமுகம். 15ஆம் நூற்றாண்டில் சீனக் கப்பற்படையோடு இங்கு வந்த மா ஹுவான் என்பவர், ஆற்றின்மீது ஒரு பாலம் இருந்ததையும், அதன்மேல் இருபதுக்கும் மேற்பட்ட மண்டபங்கள் அமைத்து எல்லாப் பொருள்களையும் விற்றதையும் எழுதி வைத்துள்ளார். அந்தச் சந்தையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகரும் இருந்தனர். சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்துக்கு நான்கு அதிகாரிகள் இருந்தனர். அவர்களில் ஒருவர், தமிழர் முதலிய கீழைக்கரை வணிகரின் காரியங்களைக் கவனித்தார். 1511இல் போர்ச்சுகீசியர் நகரைக் கைப்பற்றிய பின்னும், டச்சுக்காரர் காலத்திலும், தமிழர் இங்கே நிலைத்திருந்தனர். பொற்கொல்லர் தெருவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும், அதே தெருவில் 1748ஆம் ஆண்டைச் சேர்ந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றன. மலாக்கா செட்டிகள் என்னும் சமூகத்தார் அப்பழைய வணிகரின் வழித்தோன்றல்களே.

கல்லில் எழுந்த சான்றைப் போலவே நாவில் எழுந்த சான்றும் உண்டு. மலாய் மொழியில் கடையைக் 'கெடாய்' என்கிறார்கள்; அது நம் 'கடை' என்னும் சொல். 'காரி' என்பது நம் கறி. 'அப்பம்', 'புத்து' ஆகியன நம் அப்பமும் புட்டுமே. இடியாப்பம் இங்கே 'புத்து மாயாம்' ஆயிற்று. ஆகவே, விற்பதற்காக உணவு சமைக்கும் தொழிலில் தமிழரின் கை இந்நாட்டில் மிகப் பழையது என்பதை இச்சொற்களே எடுத்துரைக்கின்றன.

எனினும், தோட்டத்துத் தமிழரின் கதை வேறு வழியாகத் தொடங்குகிறது. 1896ஆம் ஆண்டு, மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார், புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி, ரப்பர் நடுமாறு பலரையும் வற்புறுத்திக் கொண்டிருந்த காலம் அது. வாணிப நோக்கில் மலாயாவில் நட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அடுத்து புக்கிட் அசகானில் இன்னும் பெரிய பரப்பில் ரப்பர் பயிராயிற்று. பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் கித்தாக் காடுகள் பரவின. கித்தாவுக்குக் கை வேண்டும். கைக்கு ஆள் வேண்டும். கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். 1907இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையில் ஆளெடுப்பது நின்றது. கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் நம் மூதாதையர் இங்கே வேரூன்றிவிட்டனர்.

பால் வெட்டுத் தொழிலுக்கும் பசியாறலுக்கும் உள்ள தொடர்பை இங்கே சொல்ல வேண்டும். விடியற்காலைக் குளிரில் ரப்பர் மரத்தின் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது வெட்டினால் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறையும். ஆகவேதான் இருட்டோடு பெரட்டு. பெயர் கூப்பிட்டவுடன் காட்டுக்கு ஓட்டம். நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடித்த பின், மங்கில் பால் நிரம்பும் வரை சற்றுக் காத்திருக்க வேண்டும். அதன் பிறகே வாளியைத் தூக்கிப் பால் எடுக்கச் செல்ல வேண்டும். இந்த இடைவேளையில்தான் தொழிலாளி மரத்தடியில் அமர்ந்து தூக்குச் சட்டியைத் திறப்பார். சுருங்கச் சொன்னால், பால் வடியும் நேரமே பசியாறும் நேரம்.

தூக்குச் சட்டியில் இருந்தது என்ன? பழைய சோறு, ஒரு துண்டுக் கருவாடு, வரக்காப்பி. பெண்கள் மற்றவர்களுக்கு முன்பே எழுந்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகைக்கு ஆயத்தம் செய்து, அடுப்பும் மூட்டியாக வேண்டும். கடையில் வாங்கி உண்ணக் கையில் காசு ஏது? 1920களின் கடைசியில் எளிதில் சென்றடையக்கூடிய மாவட்டங்களில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண் தொழிலாளிக்கு 40 காசும் சம்பளமாக வகுக்கப்பட்டிருந்தது. 1930இல் உலக வாணிபம் சரிந்தபோது அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. பின்னர் மேலும் இறங்கியது. கிடைத்த சம்பளத்திலும் ஒரு பகுதி, தோட்டத்துக் கடைக் கணக்குப் புத்தகத்துக்கே போயிற்று. அரிசி, உப்பு, மிளகாய் எல்லாம் கடனில் வரும். சம்பளத்தன்று கணக்கில் கழியும். கடனில் வாழ்பவர் எதை உண்பது என்பதைக் கடைக்காரரே முடிவு செய்கிறார். தன் கைக்காசைக் கொடுத்து, தனக்குப் பிடித்ததை வாங்கி உண்பது என்பது அக்காலத் தொழிலாளிக்கு எளிதான காரியமாக இருக்கவில்லை.

இந்நிலையில்தான் தேநீர்க் கடை வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் பெருமக்கள் பட்டணங்களிலும் துறைமுகங்களிலும் உணவு விற்றுக் கொண்டிருந்தனர். பினாங்கில் காவடிபோல் தோளில் தூக்கிச் சென்று சோறு விற்றதால் 'நாசி கண்டார்' என்னும் பெயரே ஏற்பட்டது. காண்டார் என்றால் மலாயில் தோளில் காவித் தூக்குதல். அவர்களை மக்கள் 'மாமாக்' என்று அழைத்தனர். நம் 'மாமா' என்னும் உறவுச் சொல்லிலிருந்து அது வந்தது என்பர். ரப்பர்த் தோட்டங்களின் வாசல்களில் அவர்கள் போட்ட சிறு கடைகளிலேதான், போருக்குப் பின், தே தாரிக் உருவாயிற்று என்று சொல்லப்படுகிறது.

அதன் செய்முறையை நோக்கினால் ஏழைக்கென்றே பிறந்த பானம் அது என்பது விளங்கும். நல்ல தேயிலை ஏற்றுமதியாகிவிடும். எஞ்சிய தூள் மலிவாகக் கிடைக்கும். தூளில் கசப்பு அதிகம். அதற்கு மாற்றாக டின் பால் சேர்த்தார்கள். 1912இல் பினாங்கில் ஆங்கிலோ சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் நிறுவனம் வாணிபம் தொடங்கியது; அதுவே இன்றைய நெஸ்லே நிறுவனத்தின் மலேசியத் தொடக்கம். டின் பால் கெடாது, பசு வேண்டாம், குளிர்பெட்டியும் வேண்டாம். இரண்டு குவளைகளுக்கிடையே தேநீரை உயர்த்தி உயர்த்தி ஆற்றினால் சூடு தணியும், பால் கலக்கும், நுரை எழும்பும். வேலைக்கு ஓடுகிறவர் நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் குடித்துவிட்டுப் போகலாம். டின் காலியானால் அதுவும் வீணாகவில்லை. மேலே துளையிட்டுக் கயிறு கட்டிக் கொடுத்தால் அதுவே கட்டி எடுத்துச் செல்லும் பாத்திரம். பிளாஸ்டிக் பை வருவதற்கு முன் நம் தாத்தாமார் காப்பியும் தேநீரும் வாங்கிச் சென்றது பால் டின்னில்தான்.

இனி மற்றப் பண்டங்களைப் பார்ப்போம். ரொட்டி சானாய் என்பது நம் பரோட்டாவின் உறவு. சென்னையிலிருந்து வந்ததால் அப்பெயர் என்பாரும் உண்டு; மாவைத் தட்டி விரிப்பதைக் குறிக்கும் 'சானாய்' என்னும் மலாய்ச் சொல்லே அது என்பாரும் உண்டு. மாவை நெய்யிட்டுப் பிசைந்து, ஊறவைத்து, காற்றில் வீசி மெல்லியதாக்கி, மடித்துக் கல்லில் சுடுகிறார்கள். அடுக்கடுக்காக இருப்பதால் ஒரு ரொட்டியே வயிற்றை நிறைக்கிறது. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. மீ கோரேங் என்பது சீனரின் மீயைத் தமிழ் முஸ்லிம்கள் மிளகாய், உருளைக்கிழங்கு, தவ்வு சேர்த்து வறுத்த உணவு. நாசி லெமாக், தேங்காய்ப் பாலில் வெந்த மலாய்ச் சோறு. சம்பலும் நெத்திலியும் உடன் வரும். விடியலில் வேலைக்குச் செல்லும் உழவர் உண்ட உணவு அது என்பர். 1909இல் வின்ஸ்டெட் என்னும் ஆங்கில அதிகாரி மலாய் மக்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலிலேயே அதைக் குறிப்பிட்டுள்ளார்.

இவை எல்லாவற்றுக்கும் கட்டும் முறை ஒன்றே: உள்ளே வாழையிலை, வெளியே பழைய செய்தித்தாள். வாழையிலையின் மேற்புறத்தில் இயற்கையான மெழுகுப் பூச்சு உண்டு. ஆகவே குழம்பு ஊறி வெளியே வராது. சூட்டில் இலை மணக்கும். செய்தித்தாளோ சூட்டைக் காக்கும். அத்தாளுக்கு இன்னொரு பயனும் இருந்தது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழ்களைக் காசு கொடுத்து வாங்க இயலாத லயங்களிலும் பொட்டலத் தாள் சென்று சேர்ந்தது. எண்ணெய்க் கறை படிந்த அத்தாளை விரித்துப் படித்தவர் பலர். 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. பொட்டலமோ இன்று காகிதமும் பிளாஸ்டிக்குமாக மாறிவிட்டது.

நேயர்களே, இந்தக் கதை நேராகவே ஓடிவந்தது என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு முறை பொட்டலம் மறைந்தே போயிற்று.

முதல் முறை ஜப்பானியர் காலம். 1942 ஜனவரியில் மலாக்கா அவர்கள் கைக்குப் போயிற்று. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அரிதாயிற்று. கோதுமை மாவும் டின் பாலும் கப்பலில் வர வேண்டியவை, கப்பல் வரவில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறு, கிழங்கு மாவே ரொட்டி என்றாயிற்று. மலாக்காவுக்கு மரவள்ளி புதிதன்று; ரப்பருக்கு முன்பே சீன விவசாயிகள் ஏற்றுமதிக்காகப் பயிரிட்டு வந்த பயிர் அது. முன்பு விற்பனைக்காக விளைந்தது, இப்பொழுது உயிர் காத்தது. அதே காலத்தில் தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம் பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. பசியாறியாச்சா என்று கேட்க ஆளில்லாமற் போன வீடுகள் நம் தோட்டங்களில் எத்தனையோ!

இரண்டாவது முறை, அவசரகாலம். 1948 ஜூன் திங்களில் அது அறிவிக்கப்பட்டு, 1960 ஜூலை வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேராமல் தடுப்பதே அரசாங்கத்தின் திட்டம். சிதறிக் கிடந்த மக்கள் வேலி சூழ்ந்த குடியிருப்புகளில் கூட்டப்பட்டனர். தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் மட்டும் சுமார் 650,000 பேர் இவ்வாறு ஒன்றுசேர்த்து வைக்கப்பட்டனர். கட்டுப்பாடு கடுமையாக இருந்த வட்டாரங்களில் உணவை வேலிக்கு வெளியே எடுத்துச் செல்வதே குற்றம். காலையில் வாசலில் வரிசை; வாளி, சைக்கிள், உடை எல்லாம் சோதனை. டின்னில் அடைத்த உணவை விற்கும்போதே கடைக்காரர் அதில் துளையிட்டுத் தர வேண்டும். துளையிட்டால் சேமித்து வைக்க முடியாதல்லவா? சில இடங்களில் அரிசியாகக் கொடுக்காமல் பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கியே கொடுத்தார்கள். சோறானால் ஒரு நாளில் கெட்டுவிடும்.

இதன் பொருளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இருட்டில் எழுந்து மரம் வெட்டுகிறவர், பால் வடியும் அந்த நேரத்தில் வெறும் வயிற்றோடு அமர்ந்திருக்கிறார். வீட்டில் சோறு இருக்கிறது. கொண்டு வர உரிமை இல்லை. ஒரு கைப்பிடிச் சோற்றுப் பொட்டலம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கூடியதாக இருந்த காலம் நம் நாட்டில் இருந்தது. அக்காலத்தைக் கண்ட பெரியவர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர்.

இங்கே மலாக்காவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1953 செப்டம்பர் 3ஆம் நாள், மலாக்காவின் ஒரு பகுதி 'வெள்ளைப் பகுதி' என அறிவிக்கப்பட்டது. மலாயாவிலேயே முதன்முதலாக அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி அதுவே. அங்கே உணவுக் கட்டுப்பாடும் ஊரடங்கும் நீக்கப்பட்டன. அதன் பின் 1956 பிப்ரவரி 20ஆம் நாள், துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் மலாக்காவின் பண்டா ஹிலிர்த் திடலில் நின்று விடுதலை நாளை அறிவித்தார். நாட்டு விடுதலையை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். உணவுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அச்சமின்றித் தோட்ட வாசலைத் தாண்டிய அந்தச் சிறு விடுதலையையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

காசும் அச்சமும் தவிர, இன்னொரு தடையும் நம்மிடையே இருந்தது. அது நாமே உடன் கொண்டு வந்த தடை. சில தோட்டங்களில் லயங்களே சாதி பார்த்து ஒதுக்கப்பட்டன. ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மற்றொரு வீட்டார் தயங்கினர். 1929 டிசம்பரில் ஈ.வெ.ரா. பெரியார் மலாயாவுக்கு வந்து தன்மதிப்பைப் பற்றிப் பேசியபோது, இந்த வேற்றுமைகளைக் கடிந்தே பேசினார். சீர்திருத்தச் சங்கங்கள் கலந்துண்ணும் விருந்துகளை ஊக்குவித்தன. மேடைகளில் அப்பணி நடந்தது. தேநீர்க் கடையோ அதைப் பேசாமலே செய்தது. கடையில் ஒரே பலகை, ஒரே குவளை, ஒரே கல். காசு கொடுத்தவருக்கெல்லாம் ஒரே ரொட்டி. யார் எந்த லயம் என்று கடைக்காரர் கேட்பதில்லை.

பொட்டலம் இதற்கும் ஒருபடி மேலே சென்றது. பல இனத்து நண்பர்கள் கூடி உண்ணும்போது ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார்; ஒருவருக்கு உணவு ஹலாலாக இருக்க வேண்டும்; ஒருவர் வெள்ளிக்கிழமை மரக்கறி. ஒரே சட்டியில் சமைத்தால் யாராவது ஒருவர் விலக நேரிடும். பொட்டலத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அவரவர் இலையை அவரவர் பிரித்துக் கொள்கிறார். அருகருகே அமர்ந்து உண்கிறார்கள். தன் நெறியையும் விடாமல் நண்பரையும் விடாமல் இருக்க இந்நாட்டு எளிய மக்கள் கண்ட வழி இது. யுனெஸ்கோ மன்றம் பாராட்டியதும் இதைத்தான் என்று நாம் கருதுகிறோம்.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பின், சம்பளப் பேச்சுவார்த்தை முறையாக நடந்தது. கையில் சிறிது காசு தங்கலாயிற்று. சம்பள நாளன்று ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், மலாக்கா நகரம் என்று பட்டணங்களுக்குத் தோட்டத்து இளைஞர் சைக்கிளில் கூட்டமாகச் செல்வது வழக்கமாயிற்று. படம் பார்த்துவிட்டு, நால்வர் காசைச் சேர்த்து நான்கு வகைப் பொட்டலம் வாங்குவார்கள். ஒரு தாளை விரித்து, நான்கையும் நடுவில் வைத்தால் அதுவே விருந்து. காசில்லாத நண்பனுக்கு அன்று மற்றவர்கள் 'பிலாஞ்சா'. அடுத்த சம்பளத்துக்கு அவன் முறை. இதில் கடனும் இல்லை, கணக்குப் புத்தகமும் இல்லை. முன்பு கடைக்காரரின் புத்தகத்தில் இருந்த கணக்கு, இப்பொழுது நண்பர்களின் மனத்தில் இருந்தது.

சம்பள நாளுக்கு மற்றொரு முகமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கள்ளுக்கடையும் அன்றுதான் நிறையும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. அப்பா எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று வாசலில் பார்த்திருந்த பிள்ளைகள் எல்லாத் தோட்டங்களிலும் இருந்தனர். அவர் கையில் சைக்கிளில் தொங்கும் மீ கோரேங் பொட்டலம் தெரிந்தால் அன்று வீட்டில் திருநாள். ஆகவே அப்பொட்டலத்தை உணவாக மட்டும் பிள்ளைகள் பார்க்கவில்லை. அப்பாவுக்கு நம் நினைவு இருந்தது என்பதற்கு அடையாளமாகவும் பார்த்தார்கள்.

பின்னர்க் காலம் மாறிற்று. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் துண்டு துண்டாகப் பிரித்தனர். துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குத் தொகை திரட்டித் தோட்டங்களை வாங்கியது இதன் விளைவே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆட்கள் போதும். சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் இன்று வெவ்வேறு அடுக்கு மாடிகளில் வாழ்கின்றனர். வெவ்வேறு ஆலைகளில் வெவ்வேறு நேரத்தில் வேலை செய்கின்றனர். பெரட்டு இல்லை, பால் வடியும் நேரமும் இல்லை. ஆகவே ஒன்றாகப் பசியாறும் நேரத்தை இனிக் காலம் நமக்கு ஒதுக்கித் தராது. நாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

இன்று கைப்பேசியில் தொட்டால் பொட்டலம் வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல வசதிதான். ஆனால் பொட்டலம் வருகிறது, நண்பர் வருவதில்லை. நால்வர் சேர்ந்து உண்ட மீ கோரேங்கை ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு திரையைப் பார்த்தபடி உண்ணுகிறார். வயிறு நிறைகிறது, பசியாறியாச்சா என்று கேட்க ஆளில்லை.

விலையையும் சிறிது பார்ப்போம். சர்க்கரைக்கு அரசாங்கம் அளித்த உதவித் தொகை 2013 அக்டோபரில் நின்றது. கடைகள் வாங்கும் 25 கிலோ கோதுமை மாவு மூட்டைக்கான உதவித் தொகை 2016 மார்ச்சில் நின்றது. அடிப்படைச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. விலையும் உடன் ஏறியுள்ளது. ஆயினும் உழைப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் ரொட்டியும் தேநீரும் இன்னும் இருக்கின்றன. அவ்வாறே இருக்க வேண்டும் என்பது நம் விருப்பம். அதே வேளையில் உடல்நலத்தையும் மறக்கலாகாது. 2019இல் எடுத்த நாடளாவிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசியருள் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. நம் இந்தியரிடையே அது இன்னும் அதிகம். நாள் முழுதும் மரம் வெட்டி நடந்த தாத்தாவுக்கு டின் பால் தேநீர் தெம்பாக இருந்தது. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் பேரன் அதே குவளையை நாளுக்கு நான்கு முறை குடித்தல் தகாது. சீனி குறைத்துக் கேளுங்கள். வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டு சென்று வாங்குங்கள். தூக்குச் சட்டியும் பால் டின்னும் கொண்டு வாழ்ந்த நமக்கு இது புதிய பாடமன்று.

நேயர்களே, நிறைவாக ஒரு வேலை. வரும் விடுமுறையில், வீட்டிலுள்ள தாத்தா பாட்டியோடும் பக்கத்து வீட்டுப் பெரியவரோடும் அமர்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரியுங்கள். வேலி இருந்த காலத்தில் எந்த வாசலில் சோதனை நடந்தது, முதல் தேநீர்க் கடை எந்த மரத்தடியில் இருந்தது, சம்பள நாளன்று உடன் சென்ற நண்பர்கள் யார் என்று கேளுங்கள். பிள்ளைகள் அதைத் தங்கள் கையெழுத்தில், தோட்டத்தின் பெயரோடு, எழுதி வைக்கட்டும். தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டால் அப்பெயரைச் சொல்ல வேறு ஆவணம் இராது. அந்த நண்பர்களில் யாரேனும் இன்றும் இருந்தால், அவருக்கும் ஒரு பொட்டலம் வாங்கிச் சென்று பாருங்கள். 'பசியாறியாச்சா?' என்று நீங்கள் முதலில் கேளுங்கள்.